இடுப்பில் இரண்டு நூல்

“இதிலை இருந்து பாக்கிறன் மேர்சி, உனக்குக் கரைச்சல் இல்லைத்தானே?”

“இல்லையக்கா. கதிரையை இழுத்துப்போட்டு வசதியா இருங்கோ.”

“நீ நல்ல பிள்ளை. மற்றத் தையல்காரர் எண்டால் மூஞ்சையை நீட்டுவினம்.”

“மூஞ்சையை நீட்டி என்ன செய்யிறது? உங்கடை துணி, நீங்கள் பாக்கிறியள்.”

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எனக்கும் சிசிலியாக்காவுக்கும் இடையில் நடந்த பேச்சு இவ்வளவுதான். கதிரையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். பிறகு நடந்தவற்றைக் கேட்கிறவர்கள், எனக்கு அவரில் ஏதோ பழைய கோபம் இருந்ததென்று நினைக்கக்கூடும். அப்படி ஒன்றுமில்லை. குருநகரில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் நாங்கள். என் தகப்பனாரின் செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்து அடுப்பு மூட்டியவர் அவர்.

இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். புதுத்துணி தைக்கக் கொடுப்பவர்கள் அளவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கிழிந்ததையும் இறுகினதையும் கொண்டுவருகிறவர்கள்தான் போகமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவார்கள். அவர்களைச் சமாளிப்பதற்கு எனக்குச் சில வழிகள் உண்டு. ஊசியையும் நூலையும் கையில் கொடுத்து, “இதைக் கோத்துத் தாங்கோ, எனக்குக் கண் தெரியேல்லை” என்பேன். அரைமணித்தியாலம் அதில் போய்விடும். சிலருக்கு நோய் வருத்தத்தை விசாரித்தால் போதும். மரியரட்ணம் மாஸ்டர் காற்சட்டைக் கரை மடிக்க வந்தால் என் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்து, “பிள்ளை, ஒரு நூல் இறங்கிப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. அவருடைய சிறுநீரகக் கல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், அதற்குப் பிறகு காற்சட்டையில் ஒரு கால் குறைந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒன்றுக்கும் மசியாதவர்கள் வந்தால் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிடுவேன்.

ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன். வெளியில் இருங்கள் என்று சொல்லமாட்டேன். எனக்கு முன் இதே சந்தியில் தைத்த றோஸ் ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஒரு பெண்ணை அப்படி அனுப்பினாள். அந்தப் பெண் நேரே மீன் சந்தைக்குப் போய், “துணி மாத்திறதுக்குத்தான் ஆக்களை வெளியிலை விடுறாள்” என்றாள். ஒரு மாதத்துக்குள் றோஸின் மெசினில் தூசி படிந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் வெளியில் போகச் சொல்கிற தையல்காரி கள்ளி. அதனால் அந்த வார்த்தை என் தொண்டையிலேயே இருந்தது. எத்தனையோ முதுகுவலிகளுடன் அதையும் வைத்திருந்தேன்.

சிசிலியாக்கா கொண்டுவந்தது அவருடைய கலியாணச் சட்டை, கால்வரை நீண்ட வெள்ளைக் கவுண். இருபத்தேழு வருடத்துக்கு முன், இடம்பெயர்ந்து திரும்பிவந்த புதிதில், பிரான்சிலிருந்த தமையன் அனுப்பிய லேஸில் தைத்தது. அதற்குப் பிறகு எத்தனை பெட்டி மாறியதோ, லைனிங் முழுவதும் பொடிந்துபோயிருந்தது. லேஸ் மட்டும் அப்படியே இருந்தது. லேஸைத் துண்டுதுண்டாகக் கழற்றி, கழுவி, புது லைனிங்கின் மேல் கையால் பிடித்துத் தைக்கவேண்டும். மகள் லவீனாவின் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். மூன்று கிழமை வேலை. மாப்பிள்ளை லெனாட் பிரான்சில். இரண்டு வருடமாக அவன் இங்கே வரவில்லை. கலியாணத்துக்கு ஐந்து நாள் முந்தித்தான் வந்து இறங்குவான்.

லவீனாவை எனக்குப் பிடிக்கும். இருபத்துநான்கு வயது, பட்டணத்தில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடையொன்றில் வேலை. முதல்நாள் அளவெடுக்கும்போதே அவளுக்குச் சிரிப்புத்தான்.

“அன்ரி, உள்ளுக்குள்ளை ஒரு பொக்கற் வைச்சு விடுங்கோ.”

“கலியாணச் சட்டைக்குப் பொக்கற்றோ? என்னத்தை வைக்கப்போறாய்?”

“போன். லெனாட் பூசைக்குப் பிந்தினால் கோல் எடுத்துப் பேசவேணுமெல்லே.”

“வாயைப் பொத்து. கையைத் தூக்கு” என்றார் சிசிலியாக்கா. ஆனால் அவரும் சிரித்தார். இடுப்பு இருபத்தாறு அங்குலம் இருந்தது. கொப்பியில் எழுதினேன்.

அடுத்தநாளிலிருந்து அவர் காலை ஒன்பது மணிக்கு வருவார். சட்டையைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டுவந்து மேசையில் வைப்பார். பின்னேரம் ஆறுமணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது மீண்டும் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். இடைப்பட்ட நேரமெல்லாம் என் வலது கைக்குப் பக்கத்தில். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். லேஸின் பூக்களை அவர் எண்ணி வைத்திருந்தார். நான் வெட்டிப்போடும் நகமளவு துண்டையும் குனிந்து பொறுக்கி ஜாம் போத்தலில் போட்டு மூடுவார். ஊசி கொடுத்தேன்; கோத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் பார்த்தார். வருத்தம் விசாரித்தேன், தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். மின்விசிறியைத் திருப்பினேன், முந்தானையால் விசிறிக்கொண்டு பார்த்தார்.

வியாழக்கிழமை கடையில் மூன்று பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி சட்டையைப் பார்த்துவிட்டு, “சிசிலியாக்கா, உந்த லேஸை நம்பிக் குடுத்திட்டியளோ?” என்று கேட்டாள்.

“நான் பக்கத்திலை இருக்கிறபடியாப் பயமில்லை” என்றார் அவர்.

கெட்ட மனதுடன் சொல்லவில்லை. மழைக்குக் குடை கொண்டுவந்தேன் என்பதுபோலச் சொன்னார். நான் தலை நிமிரவில்லை. லைனிங்கின் இடுப்புத் தையலைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தையல் பக்கத்துக்கு இரண்டு நூல் உள்ளே போனது. இரண்டு பக்கமும், முன்துணியும் பின்துணியும் சேர்த்தால், ஒரு அங்குலம். அதைக் கை செய்தது என்றுதான் சொல்வேன். நிமிர்ந்து பார்த்தேன். சிசிலியாக்கா லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலிருப்பவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. எது களவுபோகும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்களோ அதை மட்டும் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை லவீனா போட்டுப்பார்த்தாள். சிப் இடுப்பில் நின்றுவிட்டது.

“மூச்சை இழு” என்றேன். இழுத்தாள். ஏறவில்லை.

“என்னடி சாப்பிட்டனி?” என்றார் தாய்.

“புட்டு. நீங்கள்தானே தந்தனியள்.”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிசிலியாக்காவின் கண் ஒரு கணம் மகளுடைய வயிற்றில் நின்றது. அதற்குப் பிறகு அன்று பின்னேரம் முழுவதும் அவர் என் கையைப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிம்மதியாகத் தைத்தேன். ஐந்து நாளில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி. நான் செய்ததற்கு நீங்கள் காரணம் கேட்டால் இதுதான். அந்தப் பார்வையை என்னிலிருந்து எடுத்து வேறொரு பக்கம் வைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு பூசையில் முதலாவது ஓலை வாசித்தார்கள். எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சுவாமியார் கேட்பார். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. சுற்றிப்பார்ப்பார்கள். அன்று சிசிலியாக்காவும் சுற்றிப்பார்த்தார்.

இரண்டாவது கிழமை இன்னும் இரண்டு நூல் பிடித்தேன். இந்தமுறை கை செய்தது என்று சொல்லமாட்டேன். அவருக்கு முன்னாலேயே, பட்டப்பகலில் செய்தேன். சட்டை ஒரு இரவுகூட என்னிடம் தங்கவில்லை. யாரும் கேட்டால் அவரே சாட்சி சொல்வார்.

இரண்டாவது சனிக்கிழமை லவீனாவின் இடுப்பை மீண்டும் அளந்தேன். அளவு நாடாவை முதுகுப்பக்கம் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். அங்கே நான் மட்டும்தான் பார்க்கலாம். முதல்முறை அளவை வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். இந்தமுறை சொல்லவில்லை. கொப்பியில் எழுதி, கொப்பியைத் துணிக்குக் கீழே வைத்தேன். தேத்தண்ணி போடப் போகிறேன் என்று உள்ளே போய், தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்வரை நின்றேன். திரும்பி வரும்போது கொப்பி துணிக்கு மேலே இருந்தது. சிசிலியாக்கா தேத்தண்ணியை வாங்கினார், குடிக்கவில்லை.

நான் எழுதியிருந்தது இருபத்தேழரை. ஒருவருக்கும் காட்டவில்லை. என் கொப்பியில் நான் எதையும் எழுதலாம்.

மகள் உடுப்பு மாற்ற உள்ளே போனபின் அவர் மெதுவாகக் கேட்டார்.

“மேர்சி, கலியாணப் பொம்பிளையளுக்கு உடம்பு வைக்கிறது வழமைதானே?”

“சிலபேருக்கு வைக்கும் அக்கா. கூட மெலியிறதைத்தான் நான் கண்டிருக்கிறன்.”

“அவளின்ரை கடையிலை கஜானன் எண்டு ஒரு பெடியன். நீ கண்டிருக்கிறியோ?”

“ஓம். நல்ல பெடியன். மழை நேரங்களிலை மோட்டச்சைக்கிளிலை கொண்டுவந்து சந்தியிலை இறக்கிவிட்டிட்டுப் போறவன்.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவன் நல்ல பையன்தான். இறக்கிவிட்டதும் உண்மை. மழை பெய்ததும் உண்மை.

மூன்றாவது கிழமை சிசிலியாக்கா கதிரையில் இருந்தாலும் இல்லாததுபோலத்தான். ஜாம் போத்தல் வீட்டிலேயே நின்றுவிட்டது. நிலத்தில் விழுந்த துண்டுகளை நானே கூட்டி அள்ளினேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கிழமை செய்த லேஸ் வேலைதான் முழுச் சட்டையிலும் சிறந்தது.

கடைசிச் சனிக்கிழமை லவீனா வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. போன் வந்து தாய் வாசலுக்குப் போனார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

“அன்ரி, அம்மா என்னோடை கதைக்கிறேல்லை. போனைப் பறிச்சு வைச்சிருக்கிறா. லெனாட்டோடையும் கதைக்க விடுறேல்லை.”

“கலியாண நேரம் தாய்மாருக்கு உப்பிடித்தான் பிள்ளை.”

“நான் ரெண்டு கிழமையா ராத்திரியிலை சாப்பிடுறேல்லை அன்ரி. விடியவும் பாதிதான். பேந்தும் ஏன் இறுகுது? நீங்கள் ஒருக்கா அம்மாவுக்குச் சொல்லுங்கோவன். நீங்கள் சொன்னால் நம்புவா.”

அவள் சொன்னது சரி. அளந்தபோது இடுப்பு இருபத்தைந்துக்கு இறங்கியிருந்தது. இதை நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் மெலிவது கழுத்தெலும்பில் தெரிந்தது. அதனால் அந்தக் கிழமை வழக்கத்தைவிடக் கூட, மூன்று நூல் பிடித்திருந்தேன். நான் சொன்னால் தாய் நம்பியிருப்பார் என்பதும் சரி. சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே அவர் கதிரையைத் திருப்பி என் கைக்கு நேரே போட்டிருப்பார்.

“முதல்லை மூச்சை இழு பிள்ளை” என்றேன்.

சிப் பாதியில் நின்றது. தாய் வாசலில் நின்று பார்த்தார்.

மூன்றாவது ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை, சட்டை இல்லாமல் வந்தார். கடையில் வேறு ஒருவரும் இல்லை.

“மேர்சி, உனக்குத் தெரியும். நீதான் அளந்தனி.”

நான் கையிலிருந்த ஊசியைப் பஞ்சில் குத்திவைத்தேன்.

“கேட்டால் இல்லையெண்டு சத்தியம் பண்ணுறாள். மாதாவின்ரை படத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணுறாள். என்ரை கண் பொய் சொல்லுமே?”

“பெரியாஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டுங்கோவன் அக்கா.”

“உனக்கென்ன விசரே? அங்கை லெனாட்டின்ரை மாமி நேர்ஸ். வாசலிலை கால் வைக்கமுன்னம் பிரான்சுக்குச் செய்தி போயிடும்.”

அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது நான்தான் என்பதை இங்கே பதிந்துகொள்ளவேண்டும். பிறகு அவர், இப்படியானதைக் கலைப்பதற்குக் கசாயம் கொடுக்கிற யாரும் இருக்கிறார்களோ என்று கேட்டார். என்னிடம் வருகிற பெண்கள் பலதும் கதைப்பார்கள். நான் கேள்விப்பட்டிருந்த ஒரு மனுசியின் ஊரைச் சொன்னேன். எந்த பஸ் என்பதையும், எந்தச் சந்தியில் இறங்கவேண்டும் என்பதையும் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வது வியாபாரத்தில் பழகிய குணம்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கசாயத்தைப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார். லவீனாவுக்கு அது என்னவென்று தெரியாது. தகப்பன் சந்தியோகண்ணை மன்னார்ப் பக்கம் கரையில் குடிசை போட்டுத் தங்கி மீன்பிடித் தொழில் செய்பவர்; சனிக்கிழமைதான் வருவார். புதன்கிழமை முழுவதும் பிள்ளை சத்தியெடுத்தாள். சிசிலியாக்கா கதவைச் சாத்திவைத்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் கழிந்துபோகிறதென்று நினைத்திருக்கிறார். வியாழக்கிழமை கண் மஞ்சளாகி, பிள்ளைக்கு நினைவு தப்பியபிறகுதான் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டி ஓட்டோ பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை லெனாட் கொழும்பில் இறங்கிய நேரத்தில் அவள் இறந்துவிட்டாள்.

வயிற்றில் ஒன்றும் இருக்கவில்லை என்று டொக்டர் சொன்னார். விசாரணையில் சிசிலியாக்கா, வயிற்றுவலிக்கு நாட்டுமருந்து கொடுத்தேன் என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்?

கலியாணம் முடிக்காத பிள்ளையைக் கலியாணச் சட்டையுடன் அடக்கம் செய்வது எங்களிடையே உண்டு. சனிக்கிழமை காலை சிசிலியாக்கா அந்தப் படுக்கை விரிப்புச் சுற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “அவளுக்குப் பாத்துச் செய்” என்றுமட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கதிரையைப் பார்க்கவேயில்லை.

பிடித்த தையல் எல்லாவற்றையும் பிரித்தேன். மூன்று கிழமையும் நான் ஒரு இடத்தில்கூடத் துணியை வெட்டவில்லை. எல்லாம் உள்ளே மடித்தபடி இருந்தது. என் மனதில் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் வெட்டியிருப்பேன் அல்லவா? ஒருவரும் பின்னால் நில்லாமல், இரண்டு மணித்தியாலம். பெட்டிக்குள் அந்தச் சட்டை அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. எல்லோரும் சொன்னார்கள். லெனாட் அதன் கைவிளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான். அங்கேயும் ஒரு நூல் பிரியவில்லை.

இதோடு முடிந்துவிட்டதென்றே நினைத்தேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, சிசிலியாக்கா கடைக்குள் வந்தார். கையில் துணி இல்லை. கதிரையை இழுத்து என் வலது கைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். புதன்கிழமையும் வந்தார். மாதங்கள் போயும் அவர் வருவது நிற்கவில்லை. வீட்டில் இருக்கமுடியவில்லை என்றார். சந்தியோகண்ணை மன்னாரிலிருந்து வருவதையே விட்டுவிட்டார் என்றார்.

“என்ரை கண்ணாலை பாத்தனான் மேர்சி. சிப் ஏறேல்லைத்தானே?”

“ஓம் அக்கா. ஏறேல்லைத்தான்.”

“அப்ப பெட்டிக்குள்ளை எப்பிடி ஏறினது?”

“செத்தால் உடம்பு வாடிப்போகும் அக்கா.”

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஆனால் நேற்றுக் காலை ஒன்றைக் கவனித்தேன். அரியாலையிலிருந்து வந்த ஒரு மணப்பெண்ணின் சட்டை என் மெசினில் இருந்தது. அதில் முத்து வைத்த லேஸ், பார்த்தவர் கண்ணெடுக்காத லேஸ். சிசிலியாக்கா அதைப் பார்க்கவில்லை. அவருடைய கண் இடுப்புத் தையலில் இருந்தது. துணி மெசினுக்குக் கீழே போகப்போக, என் விரலோடு சேர்ந்து, ஒவ்வொரு நூலாக, அதுவும் போய்க்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக என் தையல் கோணியது. பிரித்தேன். மீண்டும் போட்டேன். மீண்டும் கோணியது. மெசினை நிறுத்தினேன். ஊசி கொடுக்கலாம், வருத்தம் விசாரிக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்.

“சிசிலியாக்கா, ஆரும் பாத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. கொஞ்சம் வெளியிலை இருக்கிறியளே?”

கத்துவார் என்று நினைத்தேன். சந்தைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் உடனே எழுந்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“இதுக்கென்ன பிள்ளை” என்றார். “அண்டைக்கே சொல்லியிருந்தால் அண்டைக்கே போயிருப்பனே.”